மெல்லப் போகட்டும் வண்டி!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

சுற்றுலா என்னும் சொல்லில் சுற்றும் இருக்கிறது, உலாவும் இருக்கிறது. நாம் சுற்றுவதை மட்டும் பிடித்துக்கொண்டு உலாவுவதைக் கைவிட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு நம் வகுப்பு 3 நாள்களில் 11 இடங்களைக் கண்டு திரும்பியது. மறுவாரம் தோழியர் சிலரிடம் அந்த இடங்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏழுக்கு மேல் ஒருத்தியும் போகவில்லை. ஆனால் பேருந்தில் போட்ட இரண்டு திரைப்படங்களின் பெயர்களும், மலைப்பாதையில் யார் யார் வாந்தியெடுத்தார்கள் என்பதும் எல்லோருக்கும் பிசகாமல் நினைவிருந்தன. அழைத்துச் சென்ற பேராசிரியப் பெருமக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொடுத்த பணத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் பார்த்தவர்கள் நாங்கள்தாம். 10 இடங்கள் இருந்த பட்டியலில் பதினோராவதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்த தாளில் என் கையெழுத்தும் உண்டு.

இந்தப் பட்டியல் பயணத்தின் மறுபக்கத்தை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள். என் தந்தை 22 ஆண்டுகளாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். சிறு வயதில் ஒருநாள், "கொடைக்கானல்ல என்னப்பா இருக்கு?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஏரிப்பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, பாப்பா" என்றார். எத்தனையோ முறை அந்த மலையேறியவருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். தாம் அழைத்துச் சென்றவர்கள் படகில் ஏறி இறங்கும்வரை அவர் வண்டிக்குள் தூங்கியிருப்பார். தூங்காவிட்டால் இரவெல்லாம் ஓட்ட முடியாதே!

மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கலாகாது என்பது அதன் விதி. நெடுந்தூர வழித்தடங்களுக்குச் சிறிது கூடுதல் உண்டு. என் தந்தையிடம் இதைப் படித்துக் காட்டியபோது, "நல்ல சட்டமா இருக்கே" என்று சிரித்தார். இரண்டு நாள் விடுமுறையில் சென்னையிலிருந்து கொடைக்கானல் போய்த் திரும்ப வேண்டும் என்று ஒரு குடும்பம் சொல்கிறது. ஒரு வழியே 500 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் குடும்பத்தின் அவசரம் முழுவதும் ஓட்டுகிறவரின் கண்ணிமையில் வந்து உட்காருகிறது. எனவே அவசரப் பயணம் இரசனைக் குறைவு என்று சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. அது இன்னொருவரின் தூக்கத்தைச் செலவு செய்து நடப்பது.

ஒரு மார்கழி மாதம். ஒரு மலை ஊர். நான் பதினோராம் வகுப்பு. விடுமுறையானதால் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்று அழைத்துப் போனார். வந்தவர்கள் விடுதிக்குள் போனதும், ஓட்டுநர்கள் வண்டியிலேயே படுத்துக்கொள்ள வேண்டும் என்று வாயிற்காவலர் சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் அந்தக் குடும்பத்துப் பாட்டி தம் அறையில் பாய் விரித்துக் கொடுத்தார். விடியற்காலையில் எழுந்து வந்து பார்த்தேன். உள்ளேயிருந்து ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், இருக்கையைச் சாய்த்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் தந்தை முடங்கிக் கிடந்தார். முகம் கழுவ இடம் கேட்டதற்குத் தோட்டக் குழாயைக் காட்டினார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினரை அழைத்துவரும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் விடுதிகள் தந்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. மனமார வரவேற்க வேண்டிய ஆணை. விதி வந்தது, அந்தப் படுக்கைகள் எல்லா இடத்திலும் வந்துவிட்டனவா என்பதை என் தந்தையைப் போன்றவர்களிடந்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னது, நான் போட்டிருக்கும் ஒரு திட்டத்தைச் சொல்வதற்காகத்தான். வரும் பருவத் தேர்வு முடிந்ததும் என் தந்தையை ஒரு சுற்றுலா அழைத்துப் போகப் போகிறேன். வண்டியை நான் ஓட்டுவேன். அவர் சும்மா வர வேண்டும்.

சொந்தமாக வண்டியோட்டிக்கொண்டு, வீடுகளில் அறையெடுத்துத் தங்கி, காலை உணவை அந்த வீட்டிலேயே உண்டு, மெல்ல அடுத்த ஊருக்குப் போகும் பயணமுறை இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நெடுநாளாக உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீட்டில் ஓர் அறை மிஞ்சுகிறது. வாயிலில் ஒரு சிறு பலகை தொங்குகிறது. படுக்கையும் காலை உணவும் என்பதே அதன் பெயர். நம் நாட்டிலும் சுற்றுலா அமைச்சகம் இம்முறைக்கு ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. ஓர் அறை முதல் 6 அறைகள் வரை வாடகைக்கு விடலாம். ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விடுதியில் நாம் ஓர் எண். வீட்டிலோ, "ராத்திரி மின்விசிறி சத்தம் போட்டுச்சா?" என்று கேட்க ஒருவர் இருக்கிறார். திண்ணை வைத்து வீடு கட்டிய நாட்டுக்கு இது ஒன்றும் புதிய பாடமில்லை. வழிப்போக்கன் படுத்தெழுந்து போக வாயிலிலேயே இடம் விட்டவர்கள் நம் முன்னோர். திண்ணையில் ஏறலாகாது என்று சிலரைத் தடுத்தவர்களும் அதே முன்னோர்தாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்கே போவது? தொலைவில் எங்கும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். திருச்சியில் புறப்பட்டுப் புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிப் பக்கம். 5 நாள், 4 இரவு. முதல் இரண்டு இரவு புதுக்கோட்டையில் ஒரே வீடு. அடுத்த இரண்டு இரவு செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரே வீடு. போக, வர, சுற்ற எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான். என் தந்தை இதைக் கேட்டு, "இது ஒரு ராத்திரி ஓட்டம்கூட இல்லையே" என்றார். அதுதான் வேண்டும் என்றேன்.

முதல் நாள் நார்த்தாமலை. திருச்சி – புதுக்கோட்டைச் சாலையிலேயே, சற்று உள்ளே தள்ளி, பாறை மேல் நிற்கிறது விசயாலய சோழீச்சுரம். அந்தச் சாலையில் ஆயிரம் முறையாவது போயிருப்பார் என் தந்தை. ஒரு முறையும் திரும்பியதில்லை. யாரும் திரும்பச் சொன்னதில்லை. மறுநாள் சித்தன்னவாசல். அங்கே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளும் பழந்தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. வெயிலேறினால் பாறை கால் வைக்கவிடாது. ஆதலால் அதைக் காலையிலும், குடைவரையின் கூரையிலுள்ள தாமரைத் தடாக ஓவியத்தைப் பிறகும் பார்க்க வேண்டும். மீனும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதரும் ஒரே குளத்தில் இருக்கும் ஓவியம் அது. பெரும்பகுதி அழிந்துவிட்டது, மிஞ்சியிருப்பதை அண்ணாந்து பார்க்க வேண்டும், கழுத்து வலிக்கும். பதினோரு இடப் பட்டியலில் இதற்கு 15 நிமிடம் கொடுத்திருப்பார்கள். பொறுமையாகப் பார்க்காதவர்களுக்கு அங்கே பாசி படிந்த கூரைதான் தெரியும். அங்கிருந்து குடுமியான்மலை தொலைவில்லை. சுரங்களைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். பாட்டு வாத்தியார் பாடம் நடத்திய கரும்பலகை என்று நான் எனக்குள் பெயர் வைத்திருக்கிறேன். அந்த எழுத்தை என்னால் படிக்க முடியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆசை.

மூன்றாம் நாள் திருமயம் கோட்டை. ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் கோயில் அமைத்திருக்கிறார்கள். பிறகு செட்டிநாடு. அங்கே அரண்மனை போன்ற வீடுகள் சில விடுதிகளாகிவிட்டன. அவற்றில் ஓரிரவுக் கட்டணம் நம் கல்லூரியின் பருவக் கட்டணத்தை விஞ்சும். அவை நமக்கில்லை. எனக்கு அங்கே பார்க்க வேண்டியது ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்தியெடுக்கிறார்கள். சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பரப்பின் தன்மை பற்றிப் படிக்கிறோமே, அதை வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள். அரை நாள் அங்கேயே போய்விடும். போகட்டும். நேரம் மிஞ்சினால் கோட்டையூர். உலகம் சுற்றி வந்து தமிழில் எழுதியவரும், காந்தியடிகளைப் பற்றி 1940இல் ஆவணப்படம் எடுத்தவருமான ஏ. கே. செட்டியார் 1911இல் பிறந்த ஊர். அங்கே பார்ப்பதற்கென்று எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு தெருவில் நடந்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவே.

வண்டி என் மாமாவுடைய பழைய மாருதி 800. வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். அவற்றைத் தரும் நிறுவனங்கள் பலவும் 21 வயது நிறையாதவர்களுக்குத் தருவதில்லை. எனக்கு 20. வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவரிடம் பணம் கொடுத்து எடுப்பதும் தப்பு. விபத்தென்று வந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். மாமாவுக்கு நான் பணம் கொடுக்கப் போவதில்லை. ஆத்தங்குடிக் கல் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை ஒரு பையில் வைத்து என் தந்தையிடம் காட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. "ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன், இல்லை.

ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் நகர்வதில்லை, முதல் நாளும் கடைசி நாளும் தவிர. விளக்கு வைத்த பிறகு ஓட்டுவதில்லை. வேகம் 50ஐத் தாண்டுவதில்லை. இந்த மூன்றாவது விதியைச் சொன்னால் என் வகுப்பு ஆண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களும் நான் படித்த பாடத்தையே படித்தவர்கள். இயக்க ஆற்றல் திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். வேகம் 40இலிருந்து 80 ஆனால், தடையை மிதித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்கு. புதுக்கோட்டைப் பக்கத்துச் சாலையில் ஆட்டுக்குட்டிக்கு இந்தச் சூத்திரம் தெரியாது.

பேருந்தில் போனாலென்ன என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. செலவும் குறைவு, புகையும் குறைவு. ஆனால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கோ, அத்தனை மணிக்கு நம் ஆசையும் முடிந்தாக வேண்டும். குடுமியான்மலையில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் போலிருந்தால் உட்காரலாம் என்பதற்காகத்தான் இந்தப் பழைய வண்டி. நாலு பேர் போவதால் செலவும் பெரிதாக மிஞ்சாது.

இனி, திண்ணைக்கு வருகிறேன். வீட்டில் தங்குவது இனிமையானது என்று எழுதிவிட்டேன். எல்லோருக்கும் இனிமையாக இருக்குமா?

அமெரிக்காவில் கார் வாங்கும் வசதி பெற்ற கறுப்பின மக்களுக்கும் இரவு தங்க இடம் கிடைக்காத காலம் இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் என்பவர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். எந்த ஊரில் எந்த விடுதி, எந்த உணவகம், எந்த வீடு கறுப்பினத்தவரை ஏற்றுக்கொள்ளும் என்ற பட்டியல் அது. அதில் வீடுகள் நிறைய இருந்தன. விடுதிகள் கதவடைத்த ஊர்களில் தம் இனத்தவர் வீட்டு அறைகளே அவர்களுக்குப் புகலிடம். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்து விடுதிகளின் கதவுகளைத் திறந்தது. ஆனால் அதே சட்டம், 5 அறைகளுக்கு மேற்படாமல் வாடகைக்கு விட்டு உரிமையாளரும் குடியிருக்கும் வீடுகளுக்கு விலக்கு அளித்தது. நான் மேலே புகழ்ந்தேனே, வீட்டுக்காரர் அங்கேயே இருக்க வேண்டும் என்று, அந்த இனிமையான நிபந்தனைதான் அங்கே தாழ்ப்பாளாகவும் இருந்திருக்கிறது!

இதைப் படித்தபோது ஏதோ அயல்நாட்டுக் கதை என்று எனக்குத் தோன்றவில்லை. அறை கேட்டு நான் முதலில் தொலைபேசியில் பேசிய வீட்டில் ஒரு பெரியவர் எடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். எத்தனை பேர், எத்தனை நாள் என்றார். எந்த ஊர் என்றார். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "அறை காலியாகுதான்னு பார்த்துட்டுக் கூப்பிடுறேம்மா" என்றார். கூப்பிடவில்லை. அறை உண்மையிலேயே காலியாகாமல் இருந்திருக்கலாம். என் தாயார் அப்படித்தான் சொன்னார். அப்படிச் சொல்லிப் பழகியவர் அவர். தெருப் பெயரைக் கேட்பது எதற்காக என்று எங்கள் தெருவில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, மதம் முதலியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. பணம் வாங்கிக்கொண்டு படுக்கை தரும் வீடும் விடுதிதான் என்பது என் கருத்து. அது என் வீடு, யாரை விடுவது என்பது என் விருப்பம் என்று சொல்ல நினைப்பவர் வாயிலில் பலகை தொங்கவிடாமல் இருக்கலாமே! பலகையைத் தொங்கவிட்ட பிறகு அது பொது இடம். இத்தகைய வீடுகளுக்கு அரசு சான்றிதழ் தரும்போது அறைகளின் எண்ணிக்கையையும் கழிப்பறையின் தூய்மையையும் பார்த்தால் போதாது. அறை இல்லையென்று சொன்னால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்கச் செய்ய வேண்டும். நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லும் நண்பர்கள், எது ஒவ்வும் என்பதைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வழித்தடத்திலிருந்து சற்று விலகி, திருப்பத்தூர்ப் பக்கம் மகிபாலன்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் ஊர் அதுவே என்பர். எந்த ஊரையும் அயலூராக எண்ணாத புலவர். கடைசி நாள் அங்கே போய் வரலாம் என்று என் தம்பி சொல்கிறான். அந்தப் பெரியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி அழைத்துப் போகலாமா என்றும் கேட்டான். குறும்புக்காரன்.

இரண்டாவது வீட்டில் ஓர் அம்மையார் எடுத்தார். தெருவைக் கேட்கவில்லை. காலையில் இட்லியா, இடியாப்பமா என்று கேட்டார். பிறகு, "டிரைவரு வர்றாராத்தா? அவருக்கும் படுக்கை உண்டு, சாப்பாடும் உண்டு. கணக்குல சேர்த்துச் சொல்லிடு" என்றார். எனக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. "டிரைவர் நான்தாம்மா" என்றேன். "நீயா?" என்று சிரித்தவர், "அப்ப உனக்கு ரெண்டு இட்லி கூட வைக்கணும்" என்றார். அறையை உறுதி செய்துவிட்டேன். புதுக்கோட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு மாடியும் கிடைத்துவிட்டது.

என் தந்தை இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. முன்னிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் தானாகத் தடையை மிதிக்கும், பின்னிருக்கையில் உட்கார்ந்து பழக்கமில்லை என்கிறார். நான்கு நாள் வேலையை விட்டால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்ற கவலையும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நேற்று மாமா வீட்டுக்குப் போய் அந்த வண்டியின் சக்கரங்களுக்குக் காற்றடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று என் தாயார் சொன்னார்.

நேற்று மாலை அந்த அம்மையார் மீண்டும் பேசினார். காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டார். என் தந்தை 22 ஆண்டுகளாக மூன்று மணிக்கு எழுகிறவர். எழுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.